ரேகை விழாதவள்

செத்தவர்கள் பொதுவாக மாடிப்படி ஏறி வருவதில்லை. அதுவும் பாளையம்பட்டி உரக்கடைக்கு மேலே போகும் அந்தப் படிக்கட்டை, உயிரோடு இருப்பவர்களே பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அன்று காலை வந்தவள் ஒரே மூச்சில் ஏறி, புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"துப்பறியிற அக்கா இருக்காகளா? நான் செத்துப் போயிட்டேனாம். யாரு சாகடிச்சாகன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

உதயகுமார் கையில் இருந்த பருப்பு வடையைக் கீழே வைத்தான். அந்த ஆபீசில் உதவியாளன், டைப்பிஸ்ட், டிரைவர், டீ வாங்கி வருபவன் எல்லாம் அவன்தான். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்கு உண்டானது.

"அக்கா, செத்தவுகளுக்கு டீ சொல்லவா, எள்ளுந் தண்ணியும் சொல்லவா?" என்றான் உள்பக்கம் பார்த்து.

"ஏலே, வாய மூடிக்கிட்டு நாற்காலியப் போடு."

சொன்னது சுந்தராம்பாள். ஐம்பத்தைந்தைத் தொட்ட வயது, நரைத்த கொண்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காலமெல்லாம் சாவுகளை விசாரித்தவர். செத்ததாகச் சொல்லிப் பணம் வாங்கிய புருஷனைத் திருப்பூர் லாட்ஜில் பரோட்டா தின்னும்போது பிடித்தது அவருடைய பழைய சாதனை. வேலையை விட்ட பிறகு இந்த அறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். சாவில் பொய் எங்கே இருக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது உதயகுமாரின் உறுதியான எண்ணம். அன்று சாயங்காலம் அந்த எண்ணத்தில் ஒரு விரிசல் விழப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது.

வந்தவள் பெயர் முருகலட்சுமி. பரளச்சிக்காரி. முப்பதுக்குள் இருக்கும். சேலை முந்தானையிலும் நகக்கண்ணிலும் கரி. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி மண் பூசி எரிக்கும் கரிமூட்டத்தில் வேலை. அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"எம்புருசன் நாகராஜ் போலந்துல குடோன் வேலை பாக்குறாரு. போன வருசம் வந்து எம்மக தீபலட்சுமியக் கூட்டிட்டுப் போனாரு. எட்டு வயசுப் புள்ளக்கா. 'உன் விசா பின்னாலயே வரும்'னு சொன்னாரு. நானும் வரும் வரும்னு இருந்தேன். முந்தாநாளு போனப் போட்டு, விசா என்னாச்சுன்னு கேட்டேன். இத அனுப்பிட்டு என் நம்பரை அடைச்சிட்டாரு."

செல்போனை நீட்டினாள். உதயகுமார் வாங்கிப் பார்த்தான். முருகலட்சுமி, கணவர் பெயர் நாகராஜ், பரளச்சி. இறப்புச் சான்று. அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி போடும் முத்திரை. முன்பெல்லாம் காகிதத்தின் முதுகில் ஒட்டுவார்கள். இப்போது எல்லாம் மின் கையொப்பம். மூலையில் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். கோடு.

தன் போனால் அதை ஸ்கேன் செய்தான். அரசாங்கப் பக்கம் திறந்தது. எண் சரி, தேதி சரி, கையொப்பம் செல்லும்.

"கிராஃபிக்ஸ் வேலை இல்லக்கா. அசல் சரக்கு."

"அப்ப கவருமெண்டே பொய் சொல்லுதா?" என்றாள் முருகலட்சுமி.

"அப்படி இல்லம்மா. பந்தியில, சாம்பார் வாளியைக் கொண்டாந்தவன் நம்ம சமையக்காரன்தான்னு ஒருத்தன் கையெழுத்துப் போடுறான்னு வச்சுக்க. அதுதான் அப்போஸ்டில். சாம்பார்ல உப்பு இருக்கான்னு அவன் பாக்க மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு உப்பும் வேணாம், சாம்பாரும் வேணாம். எம்மக வேணும். அங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டாராம், கூட வேலை பாக்குற ஊர்க்காரரு சொன்னாரு. புள்ளைக்குத் தாய் இல்லைன்னு காட்டி, அவ பேருக்குத் தத்து எழுதப் போறாக. கோர்ட்டுல தேதி போட்டாச்சாம். இந்தச் சான்று பொய்யின்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா. உசுரோட இருக்கவள எப்படிச் செத்தவன்னு சொல்லுவாக?"

சுந்தராம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை நெடுநேரம் பார்த்தார்.

"செத்த தேதி எட்டு வருசத்துக்கு முன்னாடி ஆடி மாசம்னு போட்டிருக்கு. பதிஞ்சது இந்த வருசம்."

"ஆமாக்கா," என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"உன் ஆதாரை வச்சு, நான் உசுரோடதான் இருக்கேன்னு ரேகை வைக்கலாமேம்மா?"

"எனக்கு ரேகை விழாதுக்கா. ரேஷன் கடையில எத்தனையோ தடவ வச்சுப் பாத்தாச்சு. கரிமூட்டத்துல கெடந்து விரலு தேஞ்சு போச்சு. எங்க கொழுந்தனாரு ரேகை வச்சுத்தான் அரிசி வாங்குவாக."

"செத்துப் போனதுக்கு முன்னாடியே பாதி செத்தாச்சு," என்றான் உதயகுமார். சுந்தராம்பாள் முறைத்தார். அவன் வடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தச் சாவுக்கு யாரு சாட்சி சொன்னது?"

"எங்க மூத்த கொழுந்தனாரு. மொக்கையன். கரிமூட்டம் அவுகளுதுதான்."

"நீ நேரா ஊருக்குப் போகாத. திருச்சுழியில தாலுகா ஆபீஸ் ரோட்டுல ஒரு இ-சேவை மையம் இருக்கு, சுகப்பிரியான்னு ஒரு பிள்ளை நடத்துறா. நான் சொன்னேன்னு அங்க போய் உக்காரு. சாயங்காலத்துக்குள்ள வாரேன்."

அவள் இறங்கிப் போனதும் உதயகுமார் கதவைப் பார்த்து அலறினான். "அக்கா! நேத்து அடிச்ச பெயின்ட்! அஞ்சு விரலையும் அச்சு வச்சுட்டுப் போயிருக்கா!"

சுந்தராம்பாள் எழுந்து வந்து கதவருகே குனிந்தார். வெள்ளைக் கதவில் கரிக்கை பதிந்திருந்தது. கட்டைவிரலின் சுழி ஒவ்வொரு கோடாக, எண்ணி எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அதைத் துடைக்க விடவில்லை.

"வண்டிய எடு," என்றார்.

* * *

அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல மரங்கள்தான். நடுநடுவே உழுது போட்ட கரிசல் காடு மழைக்கு வாயைப் பிளந்து கிடந்தது. ஐப்பசி பாதி கழிந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஸ்கூட்டியின் பின்சீட்டில் சுந்தராம்பாள், முன்னால் உதயகுமாரும் அவன் வாயும்.

"கேஸ் சுலபம்க்கா. புருசன் வெளிநாட்டுல புதுப் பொண்டாட்டி கட்டணும். பழைய பொண்டாட்டி இடைஞ்சல். அண்ணன் பொய்ச்சாட்சி. ஒரு சான்று, ஒரு சீல், வேலை முடிஞ்சது. மொக்கையனை ரெண்டு தட்டு தட்டினா கக்கிருவான்."

"ஏலே, உன் பொண்டாட்டியச் செத்தவன்னு பொய் எழுதணும்னா எந்தத் தேதி போடுவ?"

"எனக்கு முதல்ல பொண்ணு பாருங்கக்கா."

"சொல்லுலே."

"போன வாரம்னு போடுவேன். உடனே பதிஞ்சிரலாம்ல?"

"அதத்தான் நானும் கேக்குறேன். வருசம் தாண்டிப் பதியணும்னா ஆர்.டி.ஓ. உத்தரவு வேணும், ஊருல விசாரணை வேணும், சாட்சி வேணும். பொய் சொல்லுறவன் குறுக்கு வழியில போவான். இவ்வளவு சுத்து வழி எவனாவது போவானா?"

உதயகுமார் யோசித்தான். யோசித்தால் வண்டி மெதுவாகிவிடும் அவனுக்கு. "மெய்யச் சொல்லுறவன்தான் போவான்," என்றான் கடைசியில். சொன்ன பிறகு அது அவனுக்கே பிடிக்கவில்லை.

* * *

பரளச்சியில் மொக்கையனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு மேற்கே புகை வந்த திசையில் போனார்கள். அறுபது வயதுக்காரர், உடம்பெல்லாம் கரி, கண் மட்டும் சிவப்பு. விஷயத்தைச் சொன்னதும் ஓடவும் இல்லை, எகிறவும் இல்லை. "வீட்டுக்கு வாங்க, வெயில்ல நின்னு என்னத்தப் பேச," என்று முன்னால் நடந்தார்.

ஒற்றை அறை ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் சுந்தராம்பாளின் பார்வை மேலே போனது. உத்தரத்தில் புதுக்கயிறு கட்டி ஒரு ஓலைப்பெட்டி தொங்கியது. மூடியில் மஞ்சளும் குங்குமமும். இந்தப் பக்கத்தில் பிறந்த உதயகுமாருக்கு அது என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு வருஷா வருஷம் புதுச்சேலை எடுத்து, பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். அவள் அந்த வீட்டுச் சாமி.

"இந்த வீட்டுல சுமங்கலியாப் போனது யாரு?" என்றார் சுந்தராம்பாள்.

மொக்கையன் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். உதயகுமார் முந்திக்கொண்டான். "உங்க வீட்டம்மாவா?"

"அவ நல்லா இருக்கா. கமுதிக்கு மக வீட்டுக்குப் போயிருக்கா."

"உங்க ஆத்தாவா?"

"எங்க ஐயா செத்து ரொம்ப வருசங்கழிச்சுத்தான் ஆத்தா போச்சு. வெள்ளைச் சேலையோட போச்சு."

"அப்ப இந்தச் சேலை யாருக்கு?"

மொக்கையன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "முருகலட்சுமிக்கு," என்றார்.

உதயகுமாருக்கு முதுகில் குளிர்ந்தது. அந்த வெயிலில் அது நியாயமே இல்லை.

"நான் பொய்ச்சாட்சி சொல்லலம்மா. எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். தம்பி பொண்டாட்டி முருகலட்சுமி, புள்ள பெறந்து அஞ்சாம் மாசம் மஞ்சக்காமாலையில செத்துப் போச்சு. இந்த எடத்துலதான் உசுரு போச்சு. நாங்கதான் எரிச்சோம். பதியணும்னு அப்பத் தோணல. கைப்புள்ள பாலுக்கு அழுவுது, எவன் தாலுகா ஆபீசுக்குப் போவான்?"

"அப்ப எங்க ஆபீசுக்கு வந்தது?" என்றான் உதயகுமார்.

"அது தங்கச்சி. குருவம்மா. அக்கா பிள்ளையப் பாத்துக்கிடட்டும்னு பெரியவுக பேசி, குலசாமி கோயில்ல வச்சு தம்பி அதுக்கு மஞ்சக்கயிறு கட்டுனான். மேளம் இல்லை, பத்திரிகை இல்லை. துக்கம் நடந்த வீடு பாருங்க. அப்புறம் ரேஷன் கார்டுல முருகலட்சுமி பேரு இருக்கு, ஆதார்ல இருக்கு, புள்ளையோட பெறப்புச் சான்றுல இருக்கு. பேர அழிச்சுப் பேரு சேக்கணும்னா எத்தனை நாளு அலையணும்? நாந்தான் சொன்னேன், 'அக்கா பேருலயே இருந்துக்கத்தா. மொகம் ஒண்ணுபோலத்தான இருக்கு'ன்னு. சும்மா கெடந்த பேரு. வீணாப் போகுதேன்னு சொன்னேம்மா."

சுந்தராம்பாள் கண்ணை மூடித் திறந்தார். "ரேஷன் கடையில ரேகை விழலைன்னா, ஆதார்ல பதிஞ்சிருக்கது செத்தவ ரேகை. இவ விரலு தேயவே இல்ல. எங்க ஆபீஸ் கதவுல வந்து பாருங்க, அச்செடுத்த மாதிரி இருக்கு."

"இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்குப் பதிஞ்சீக?" என்று உதயகுமார் சீறினான். அவனுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

"தம்பி போன் பண்ணுனான். 'அவ செத்தது நெசந்தானண்ணே, அத மட்டும் எழுதிக் குடு'ன்னான். நெசத்தச் சொல்லுறதுல என்ன தப்புன்னு கையெழுத்துப் போட்டேன். அது இவளக் கொல்லும்னு எனக்குத் தெரியாதுப்பா."

"குருவம்மாளோட சொந்த ஆதார் எங்க?"

மொக்கையன் கையைக் கழுவிவிட்டு வந்து, ஓலைப்பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார். மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை. அதற்கடியில், விபூதி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் குருவம்மாளின் அடையாள அட்டை. பாவாடை தாவணி வயதில் எடுத்த படம், முறைத்துப் பார்த்தது.

"இனிமே வேணாத பேருதான, கீழ போட மனசு வரல. சாமியோட இருக்கட்டும்னு வச்சேன்."

செத்தவளின் சேலையோடு உயிரோடு இருப்பவளின் பெயரையும் சேர்த்து வருஷா வருஷம் தீபம் காட்டியிருக்கிறார்கள். நக்கல் அடிக்க இதைவிட நல்ல இடம் உதயகுமாருக்கு வாழ்க்கையில் கிடைக்காது. அவன் வாயே திறக்கவில்லை.

* * *

திரும்பும் வழியில் திருச்சுழிக் கோபுரம் தெரிந்த இடத்தில் உதயகுமார் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டினான்.

"அக்கா, ஊருக்கே தெரியும்ல இவதான் ரெண்டாவது பொண்டாட்டின்னு? ஊரைக் கூட்டிச் சாட்சி சொல்ல வைப்போம்."

"ஊரு சாட்சிக்குக் கியூ.ஆர். கோடு கிடையாதுலே. அப்படியே வந்து சொன்னாலும் என்ன சொல்லுவாக? இவ இத்தனை வருசம் செத்தவ பேருல வாழ்ந்தான்னும் சேத்துத்தான சொல்லணும்? அது ஆள்மாறாட்டம். அவன் வக்கீலுக்கு நாமளே விருந்து வச்ச மாதிரி."

"சான்று பொய்யின்னு சொன்னா?"

"சான்று மெய். அதுல இருக்க ஒவ்வொரு எழுத்தும் மெய். எத்தனையோ பொய்ச்சாவைக் கிழிச்சிருக்கேன்டா. மெய்யான சாவைக் கிழிக்க எனக்குத் தெரியாது."

அவர் குரல் அப்படி உடைந்து உதயகுமார் கேட்டதில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

இ-சேவை மையத்தில் கூட்டம் இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் சுகப்பிரியா, மூலை பெஞ்சில் அவள். முகம் கழுவிப் பொட்டு வைத்து, ஜெயித்த சேதி கேட்கத் தயாராக இருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். சுந்தராம்பாள் ஓலைப்பெட்டியிலிருந்து எடுத்து வந்த அட்டையை அவள் மடியில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். பொட்டு வைத்த முகம் சுருங்கியது.

"எனக்குத் தெரியாம இல்லக்கா," என்றாள். "நீங்க பெரிய ஆளு, அந்தச் சான்றப் பொய்யின்னு சொல்லிருவீகன்னு நம்பி வந்தேன். பால்குடி மறக்காத புள்ளைய வாங்கி மாருல போட்டேன். அதுக்கு மொதப் பல்லு, மொத வார்த்தை எல்லாம் எங்கிட்டத்தான். முருகலட்சுமின்னு கூப்பிட்டா திரும்பிப் பாத்துப் பாத்து, அது எம்பேருன்னே ஆயிருச்சு. நான் என்னத்தத் திருடுனேன்? ஒரு பேரத்தான எடுத்துக்கிட்டேன்?"

"நீ திருடலம்மா."

"அப்ப எம்மக?"

சுந்தராம்பாள் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "முருகலட்சுமின்னு நீ போய் நின்னா, செத்தவ பேருல வந்தவன்னு உன்னத்தான் உள்ள வைப்பாக. குருவம்மாளா நின்னா, புள்ளைய வளத்தவன்னு ஒரு மனு போடலாம். பிரமாணப் பத்திரம் எழுதி, மின் கையொப்பம் போட்டு, அதுக்கும் இதே மாதிரி அப்போஸ்டில் வாங்கி, அந்தக் கோர்ட்டுக்கு அனுப்பலாம். ஜெயிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். அங்க இருக்கவன் ஒரு நிமிசம் நின்னு வாசிச்சாலே பெரிசு."

"வாசிப்பாகளா?"

"தெரியல."

வெளியே அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்று போனது. அவள் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த தாவணிப் பெண்ணையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சுகப்பிரியாவுக்கு விவரம் தெரியாது. அட்டை எண்ணைத் தட்டினாள், பெயர், ஊர் கேட்டாள், சுந்தராம்பாள் சொல்லச் சொல்ல மனுவை அடித்தாள். கடைசியில் ரேகைக் கருவியை நகர்த்தி வைத்தாள். "கட்டைவிரல வைங்கக்கா."

கரி படிந்த கட்டைவிரல் கண்ணாடி மேல் இறங்கியது. ஒரு நொடி. திரையில் பச்சை விழுந்தது.

"அட, ஒரே தடவையில விழுந்துருச்சே!" என்று சுகப்பிரியா சந்தோஷப்பட்டாள். "மூட்டத்துல வேலை பாக்குறவுகளுக்கு இப்படி விழுந்து நான் பாத்ததே இல்ல. ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்குக்கா. தீபலட்சுமிக்கு நீங்க என்ன வேணும்? உறவுமுறையில என்ன போடட்டும்?"

உதயகுமார் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சுந்தராம்பாள் தலையைக் குனிந்துகொண்டார். குருவம்மாள் திரையில் எரிந்த பச்சையைப் பார்த்தபடியே இருந்தாள். சேலை முந்தானையால் விரலைத் துடைத்தாள். கரி போகவில்லை.

"சித்தி," என்றாள்.

சுகப்பிரியா அதை அடித்து, அனுப்பு என்ற இடத்தைத் தட்டினாள்.